வெர்லின் வீட்டு வாசலில் நுரை வண்டி

ஓஸ்ட்பி ஊர்க்காரர்களிடம் பாராட்ட ஒரு சொல், வைய ஒரு சொல், ஆக இரண்டே சொல்தான் இருப்பு. ஒன்று நன்றாக இருந்தால் "மோசமில்ல" என்பார்கள். அதற்கு மேல் படி கிடையாது. கல்யாணக் கோலத்தில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்தாலும் அதுதான், வயிற்றில் இருந்தது வெறும் கொழுப்புக் கட்டி என்று டாக்டர் சொன்னாலும் அதுதான். ஒன்று சகிக்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதற்குக் கீழே பள்ளம் கிடையாது. ஒருத்தி சுட்டுக் கொண்டுவந்த பண்டத்தை வாயில் போட்டுக்கொண்டு யாராவது "வித்தியாசமா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும். அவள் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்குப் போவாள். பிறகு சாகிறவரை அந்தக் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப மாட்டாள். அமெரிக்காவில், மினசோட்டாவின் தென்பகுதியில் இதைப் பெரிய சண்டைக் கணக்கில் சேர்ப்பார்கள்.

இந்த ஊரில் வெர்லின் டோர்கெல்சன் செய்துவந்த தொழில், இறங்கிப்போன கான்கிரீட்டை ஏற்றி விடுவது. குளிர்காலத்தில் பூமி உறைந்து உப்பும். பனி உருகியதும் தளர்ந்து சப்பும். மேலே கிடக்கிற ஸ்லாப் போட்ட இடத்தில் கிடக்கத்தான் பார்க்கும். முடியாமல் ஒரு பக்கமாக இறங்கிவிடும். வாசல்படிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு விரற்கடை மேடு பள்ளம் விழும். அதில் மாமியார் தடுக்கி விழுவார். உடனே வெர்லினுக்கு ஃபோன் வரும். அவர் ஸ்லாபில் துளை போட்டு, மண்ணும் சிமெண்டும் தண்ணீரும் கரைத்த சேற்றைப் பம்பு வைத்து அடியில் செலுத்துவார். பள்ளம் நிரம்பிச் சேறு முட்டுக்கொடுக்க, ஸ்லாப் முனகிக்கொண்டே எழுந்திருக்கும். ரசமட்டத்தில் குமிழி நடுவே வந்து நின்றதும் பம்பை நிறுத்துவார். வீட்டுக்காரர் வந்து பார்த்து "மோசமில்ல" என்பார். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஊரில் அவர் தூக்காத வாசல் இல்லை என்ற நிலைமையில், பக்கத்து ஊரிலிருந்து கர்ட்டிஸ் ஸீபெல் என்பவன் கிளம்பி வந்தான். அவனிடம் சேறு கிடையாது. இரண்டு பீப்பாய்களில் இரண்டு திரவம். இரண்டும் ஸ்லாபுக்கு அடியில் போய்ச் சேர்ந்ததும் நுரைத்துப் பொங்கி, ஒருவர் ஒரு கப் காப்பி குடித்து முடிப்பதற்குள் கல்லாக இறுகிவிடும். சட்டைப் பொத்தான் அளவு துளை போதும். கைகூட அழுக்காகாது. கை அழுக்காகாத வேலையை வெர்லின் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. "சவரம் பண்ற சோப்ப வெச்சு வீட்டத் தூக்கறான்," என்பார். இதைக் கர்ட்டிஸிடம் நேரில் சொன்னதில்லை. அவன் காதில் போய் விழும்படி மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த மே மாதம் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் நடைபாதையைத் தூக்குகிற வேலை போட்டிக்கு வந்தது. கதவிலிருந்து தெரு வரைக்கும் வரிசையாகக் கிடந்த ஸ்லாப்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, சவப்பெட்டி தூக்குகிறவர்கள் குடித்தவர்கள் மாதிரி நடக்க வேண்டியதாயிற்று. சேறா நுரையா என்று கட்டடக் கமிட்டி வியாழக்கிழமை மாலை கூடி முடிவெடுக்கும். தலைவர் கேலன் ப்ரூன்ஸ், தானியக் கிடங்கை நிர்வகித்து ஓய்வு பெற்றவர். ஒரு பிடிச் சோளத்தை அள்ளி முகர்ந்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வேறு எதையும் அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டார்.

வெர்லினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தக் கோவிலில். கல்யாணம் அந்தக் கோவிலில். அந்த வேலை கர்ட்டிஸுக்குப் போய்விட்டால் இனி ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவரைப் பார்க்கச் சவரச் சோப்பின் மேல் நடந்து போக வேண்டும். கடைசியில் ஒருநாள் அவரைப் பெட்டியில் வைத்து அதன் மேலேயே தூக்கிக்கொண்டும் போவார்கள். அதுவும் ஆட்டம் அசைவு இல்லாமல் போகும் என்று நினைக்கும்போதுதான் அவருக்கு ரொம்ப எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை காலை அவர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது மனைவி மார்லிஸ் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னிக்கு கர்ட்டிஸ் வர்றான்."

"எந்த கர்ட்டிஸ்?"

"எத்தன கர்ட்டிஸத் தெரியும் உனக்கு?"

வெர்லின் யோசித்தார். ஒருவனைத்தான் தெரியும். "எதுக்கு வர்றான்?"

"கராஜ் முன்னாடி தளத்தத் தூக்க. உங்கிட்டக் கேட்டேனே. உன் இஷ்டம்னு சொன்னியே."

சொன்னது உண்மைதான். டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தபோது "கர்ட்டிஸ ஒரு தரம் வந்து பாக்கச் சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார். கட்டிய மனைவியிடம் ஒருவன் "உன் இஷ்டம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் எல்லா மனைவிகளுக்கும் தெரியும். மார்லிஸுக்கும் தெரியும். இந்தத் தடவை மட்டும் அவள் அகராதியில் இருக்கிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள்.

"நானே தூக்கியிருப்பேனே," என்றார்.

"இருப்ப."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். வருஷா வருஷம் பனி உருகினதும் அவள் சமையலறை ஜன்னலில் நின்று "இந்தத் தளம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு" என்பாள். வெர்லின் "இருக்கும் போல" என்பார். அந்த ஊர்ப் பேச்சில் அவள் போட்டது முறையான விண்ணப்பம். அதையே பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தால் மறுநாள் காலை பம்போடு போய் நின்றிருப்பார். மனைவி சொன்னதால் வானிலைச் செய்தி மாதிரி கேட்டுக்கொண்டார்.

"சனிக்கிழம கிர்ஸ்டனுக்கு விருந்து," என்றாள் மார்லிஸ். மகள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். அதற்கு கராஜைக் காலி செய்து மேசை போட்டு, வெளியே தளத்தில் நாற்காலி போட்டு, ஊரையே கூப்பிட்டுப் பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி கொடுத்தே ஆக வேண்டும். "பெரியவனுக்கு நடந்தப்ப என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. பெரியவன் விருந்தில் மேசை மேல் வைத்த ஜெல்லி தானாக நகர்ந்துபோய் உருளைக்கிழங்கு சாலட்டில் விழுந்தது. மார்லிஸின் சித்தப்பா நாற்காலியோடு பின்பக்கமாகச் சாய்ந்து, விழாமல், சாய்ந்தபடியே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். ஊரெல்லாம் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேலன் மட்டும் போகும்போது "வித்தியாசமா இருந்துச்சு" என்றார்.

"நாளைக்குக் கமிட்டி கூடுது மார்லிஸ். இன்னிக்கு அவன் வண்டி நம்ம வாசல்ல நின்னா?"

"அவன் சீக்கிரம் முடிச்சிருவானாமே."

அதைத்தான் வெர்லினும் நம்ப வேண்டியிருந்தது. நுரையைப் பற்றி அவர் இத்தனை நாள் சொல்லிவந்த குறையே அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதுதான்.

வண்டி வந்தது. கழுவித் துடைத்த வெள்ளை லாரி, பின்னால் வீடு மாதிரி ஒரு பெட்டி. பெட்டியின் இரண்டு பக்கமும் ஆள் உயர எழுத்தில் "இறங்கிடுச்சா? தூக்கிடலாம்!" என்றிருந்தது. கீழே கர்ட்டிஸின் சிரித்த முகம், நிஜ முகத்தைவிடப் பெரியதாக.

"வாப்பா," என்றார் வெர்லின். "வண்டியப் பின்னாடி சந்துப் பக்கம் விட்டுரலாமே. நிழலா இருக்கும்."

"நிழல் எதுக்குங்க, மேகமாத்தான இருக்கு."

"இல்ல, தெருவுல போறவங்களுக்கு இடஞ்சல்."

"குழாய் எட்டாதுங்க." கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றி மாட்டினான். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "வெர்லின், மார்லிஸ் அக்கா ஃபோன் பண்ணாங்க. நீங்க உன் இஷ்டம்னு சொன்னதாச் சொன்னாங்க. நான் ரெண்டு தரம் கேட்டேன், அவர் அப்படியேவா சொன்னாருன்னு."

"சொன்னேன் சொன்னேன். நீ ஆரம்பி."

தெருவில் அன்றைக்கென்று ஊரே வேலையாக அலைந்தது. ஒவ்வொரு காரும் வாசலுக்கு நேரே வந்ததும் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கும். ஓட்டுகிறவர் வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். வெர்லினும் ஒரு விரலை உயர்த்துவார். கார் மூலை திரும்பிப் போய், ஏதோ மறந்தவர் மாதிரி அதே வழியாகத் திரும்பி வரும். மறுபடி விரல்.

கர்ட்டிஸ் தளத்தைச் சுற்றி வந்து, அதிகமாக இறங்கியிருந்த மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கம்பியை இடுக்கில் விட்டான். கம்பி போய்க்கொண்டே இருந்தது.

"அடியில ஒண்ணுமே இல்லீங்க. தண்ணி அரிச்சிருக்கு. கூரைத் தண்ணி இந்தப் பக்கம் வர்றதில்லையே. வேற எங்கருந்து வருது?"

"வரியணில்," என்றார் வெர்லின் உடனே. "வளை தோண்டுது. நானும் பொறி வெச்சுப் பாத்துட்டேன்."

கர்ட்டிஸ் அந்த மூலையிலிருந்து பார்வையைத் திருப்பினான். மூன்றடி தள்ளி வெர்லினின் சேற்றுப் பம்பு நின்றுகொண்டிருந்தது. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு மாலையும் அங்கே நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவார். பம்பின் அடியிலிருந்து தளத்தின் இடுக்கு வரைக்கும் சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தடம், ஆறு போன வழி மாதிரி, வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தது. ஊரில் இறங்கின தளத்தையெல்லாம் ஏற்றிவிட்டு வந்து, தன் தளத்தை அவரே கழுவிக் கழுவி இறக்கியிருந்தார்.

கர்ட்டிஸ் தடத்தைப் பார்த்தான். வெர்லின் வானத்தைப் பார்த்தார்.

"வரியணில்தான்," என்றான் கர்ட்டிஸ். "கொஞ்சம் பெரிய ஜாதி போல. சிமெண்டு திங்கற வகை."

கேக்குத் தட்டோடு வெளியே வந்த மார்லிஸ், "ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி தவறாம குழாயத் திறந்து குளிக்கற வகை," என்றாள். அவள் குரலில் ஒன்றுமே இல்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு யாரும் அணிலைப் பற்றிப் பேசவில்லை. கர்ட்டிஸ் துளை போட்டு நுரையைச் செலுத்தினான். தளம் முனகவில்லை. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்வதுபோலச் சாதாரணமாக எழுந்தது. கராஜ் வாசலோடு கோடு கிழித்த மாதிரி வந்து பொருந்தியது. வெர்லின் கைகட்டி நின்று பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே ரசமட்டத்தை எடுத்துவந்து நான்கு மூலையிலும் வைத்தார். நான்கு மூலையிலும் குமிழி நடுவில் நின்றது. மட்டத்தையே திருப்பிப் போட்டு வைத்துப் பார்த்தார். குமிழி அப்போதும் நடுவில்தான் நின்றது. அது அவர் சொந்த மட்டம்.

வேலை இவ்வளவுதான். இந்த நேரத்துக்கு வண்டி கிளம்பியிருந்தால் கதையும் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தவனைக் காப்பி கொடுக்காமல் அனுப்புவது ஓஸ்ட்பியில் நடக்காது. வந்தவன் காப்பி குடித்த கையோடு எழுந்து போவதும் நடக்காது. கர்ட்டிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து, புளிப்பான ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக்கைத் தின்றான். மார்லிஸ் இன்னொரு துண்டு வைத்தாள், வேண்டாம் என்றான், வைத்தாள், வேண்டவே வேண்டாம் என்றான், வைத்தாள், தின்றான். பிறகு இரண்டு கையாலும் தொடையைத் தட்டிக்கொண்டு "சரி, அப்ப..." என்றான்.

அந்த ஊரில் தொடையைத் தட்டி "சரி, அப்ப" என்பது விடைபெறுவதன் தொடக்கம். தொடக்கம் மட்டும்தான். அதற்குப் பிறகு கர்ட்டிஸின் அம்மாவுடைய முட்டி அறுவைச் சிகிச்சை பற்றி மார்லிஸ் விசாரித்தாள். எழுந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அவன் பதில் சொன்னான். கதவுக்கு வந்து குமிழில் கை வைத்தபடி, இந்த வருஷம் சோள விதைப்பு தாமதம் என்றான். வெர்லின் வாயைத் திறக்காமல் இருந்தால் பேச்சு சீக்கிரம் வற்றிவிடும் என்று பார்த்தார். ஆனால் விருந்தாளி பேசும்போது சும்மா இருந்தால் மரியாதை இல்லை. "ஈரம் காயல இன்னும்" என்று அவர் வாயே சொல்லிவிட்டது. அது இன்னொரு கால் மணிக்குத் தீனியாயிற்று. படியில் நின்று ஒரு பேச்சு. வண்டியில் ஏறி, ஜன்னலை இறக்கி, அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு பேச்சு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெர்லின் கதவில் ஒரு கையை வைத்து, தட்டி அனுப்புவதற்கு ஏறக்குறைய கையை ஓங்கிவிட்டார்.

அப்போதுதான் கேலன் ப்ரூன்ஸின் பிக்கப் வந்து பின்னால் நின்றது.

கேலன் இறங்கி, கால்சட்டைப் பையில் கைகளை விட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் வந்தார். கர்ட்டிஸ் என்ஜினை அணைத்தான். மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"மழ வரும் போல," என்றார் கேலன்.

"வரும் போல."

"வந்தா நல்லதுதான்."

"வராட்டியும் பரவால்ல."

கேலன் ஆள் உயர எழுத்துகளைப் பார்த்தார். "கர்ட்டிஸ் வண்டி மாதிரி இருக்கு."

"அது மாதிரிதான் இருக்கு," என்றார் வெர்லின்.

"உன் தளமா?"

"மார்லிஸோடது."

கேலன் அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் முகர்ந்து பார்த்தார். பேச்சு இனி எங்கே போகும் என்று வெர்லினுக்குத் தெரிந்தது. எப்படி இருக்கு என்று கேட்பார். "வித்தியாசமா இருக்கு" என்று ஒரே சொல், வெறுப்பில்லாமல், வருத்தம் கலந்த மாதிரி சொன்னால் போதும். கமிட்டி நாளைக்குச் சேற்றுக்குக் கையைத் தூக்கிவிடும். அது வண்டி ஜன்னலில் இருந்த கர்ட்டிஸுக்கும் தெரிந்தது. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வெர்லின் சொல்லை நாக்கில் எடுத்து வைத்து, தொனியையும் சரி பண்ணிக்கொண்டார்.

கேலன் கேட்கவில்லை. தளத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், வெர்லினைப் பார்த்தார்.

"வித்தியாசமா இருக்கு," என்றார் அவரே.

சேற்றுக்காரன் வீட்டில் நுரை வண்டி நிற்பதைச் சொன்னாரோ என்னவோ. ஆனால் அந்தச் சொல் வெளியே வந்துவிட்டால் யார் மேல் விழுகிறது என்று பார்த்து விழாது. அது தளத்தின் மேல் விழுந்தது, கராஜின் மேல் விழுந்தது, சனிக்கிழமை விருந்தின் மேல் விழுந்தது, உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மார்லிஸின் மேல் விழுந்தது. ஏற்கெனவே ஒரு தரம் அந்த மனிதர் அதே இடத்தில் நின்று அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனவர். வெர்லினுக்குக் காது மடல் சூடாயிற்று.

"என்ன வித்தியாசம்?" என்றார். "மோசமில்ல."

கேலனின் புருவம் ஏறியது.

"இல்ல, நீ வந்து பாரு. இங்க வா." வெர்லின் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். "எங்க நிக்குது குமிழி? நடுவுல. இந்த மூல? நடுவுல. கராஜ் விளிம்பத் தடவிப் பாரு, நகம் மாட்டுதா? துளை எங்க இருக்குன்னு கண்டுபிடி பாப்போம். என்னோடதுன்னா ஒரு டாலர் காசளவுக்கு ஒட்டுப் போட்டாப்ல தெரியும். இத நீ பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும். இன்னிக்கு மத்தியானமே கார் ஏத்தலாம், தெரியுமா? என் தளத்தப் போய் வித்தியாசமா இருக்குன்ற!"

சொந்தச் சரக்கையே அவர் இப்படிக் கூவி விற்றதில்லை. மூச்சு வாங்க எழுந்து நின்றபோதுதான் எவன் சரக்கை விற்றோம் என்று புரிந்தது. கர்ட்டிஸ் முகம் சிவந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, அதைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நீயே சொல்ற," என்றார் கேலன் மெல்ல.

"நான் என்ன சொல்றேன்னா..."

"இல்ல, நீயே சொன்னா சரி." கேலன் தொடையைத் தட்டிக்கொண்டார். "சரி, அப்ப..." என்றவர், ஊர் வழக்கத்துக்கு விரோதமாக, உடனே கிளம்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஃபோன் வந்தது. கேலன் மழையில் ஆரம்பித்து, சோளத்துக்கு வந்து, கிர்ஸ்டன் எந்தக் காலேஜ் என்று கேட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"கமிட்டில எல்லாரும் யோசிச்சோம். கர்ட்டிஸையே கூப்பிடலாமான்னு ஒரு இது. உனக்கு ஒண்ணும் இல்லன்னா."

"எனக்கென்ன. சரிதான்."

"போட்டிக்காரன் வேலைய மண்டி போட்டுக் காமிச்சியேப்பா. அதக் கமிட்டில சொன்னேன், பாஸ்டர் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு."

"ஓஹோ."

"அதனால நீயும் அன்னிக்கு வந்து பக்கத்துல நில்லு. சும்மா நின்னாப் போதும். உனக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது."

ஃபோனை வைத்ததும் மார்லிஸ் பார்த்தாள். "போச்சா?"

"போச்சு. நிக்கறதுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"உன் இஷ்டம்," என்றாள் மார்லிஸ்.

சனிக்கிழமை விருந்தில் ஜெல்லி வைத்த இடத்தில் நின்றது. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார், பழகாததால் கொஞ்சம் சங்கடப்பட்டார். வந்தவர்களெல்லாம் குனிந்து துளையைத் தேடினார்கள். அத்தனை பேரும் வெர்லினின் தோளைத் தட்டி "மோசமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் தேவாலயத்தில் கர்ட்டிஸ் கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். கமிட்டி முழுவதும் காப்பிக் கோப்பையோடு புல்லில் நின்றது. ஒவ்வொரு ஸ்லாப் எழுந்ததும் யாரும் குமிழியைப் பார்க்கவில்லை, வெர்லினைப் பார்த்தார்கள். முதல் ஸ்லாப். "மோசமில்ல." இரண்டாவது. "மோசமில்ல." ஒவ்வொரு தடவையும் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல இருந்தது. மூன்றாவதுக்கு அவர் தலையை மட்டும் ஆட்டிப் பார்த்தார். "என்ன வெர்லின்?" என்று கேட்டு வாயாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

நான்காவது ஸ்லாப் துள்ளியது. அடியில் எங்கோ மண் ஒட்டிக்கொண்டிருந்து திடீரென்று விட்டுவிட்டது. கர்ட்டிஸ் விசையை விட்டுக் கையை எடுப்பதற்குள் ஸ்லாப் மூன்றாவதைவிட அரை விரல் உயரத்தில் போய் நின்றது. சேறாக இருந்தால் ஈரம் காயுமுன் கொஞ்சம் அழுத்தி இறக்கலாம். நுரை ஏறினால் ஏறினதுதான்.

கமிட்டி காப்பியை வாயருகே நிறுத்தி வெர்லினைப் பார்த்தது. கர்ட்டிஸும் பார்த்தான். இந்தத் தடவை "வித்தியாசமா இருக்கு" என்று சொன்னால் அது நியாயமாகவே இருக்கும்.

வெர்லின் நான்காவது ஸ்லாபைப் பார்க்கவில்லை. நடைபாதை போகிற வழியே, தெரு வரைக்கும், கண்ணை ஓடவிட்டுக்கொண்டு நின்றார்.

"மோசமில்ல," என்றார்.

"ஏறிருச்சேப்பா?" என்றார் கேலன்.

"அரை விரல் ஒரு ஏத்தமா? மூணாவதையும் கொஞ்சம் தூக்கி இதோட சேத்துட்டாக் கதவுலருந்து சீரா வந்துரும், கண்ணுக்கே தெரியாது. மிச்ச ஸ்லாப எல்லாம் இதே மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லு."

கர்ட்டிஸ் எழுந்து நின்றான். "வேண்டாங்க. அஞ்சு, ஆறு, ஏழுல கொஞ்சங் கொஞ்சமா இறக்கிக்கிட்டே போய்ச் சரி பண்ணிருவேன்."

"பண்ணலாம்," என்றார் வெர்லின் தாராளமாக. "ஆனா சாய்வு இருக்கும். பாக்கறவனுக்குத் தெரியாது. பெட்டி தூக்கறவன் காலுக்குத் தெரியும். அடுத்து யாரத் தூக்கப் போறமோ."

கமிட்டியில் எல்லாருக்கும் வயதாகியிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"வெர்லின் சொல்றாப்லயே பண்ணிரு கர்ட்டிஸ்," என்றார் கேலன். கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு வெர்லினைக் கைகாட்டினார். "தப்பு நடந்தா அடுத்தவன்னா விட்டுருப்பானா? இந்த மனுஷன் வழி சொல்றான்."

கர்ட்டிஸ் ஏதோ சொல்ல வந்து, தெருப் பக்கம் பார்த்து, வெர்லினைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டான். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறவன் எதிர்வாதம் பேச அந்த ஊரில் வழியில்லை. வெர்லின் "சாப்பிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிப் போனார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தார்.

அதற்குள் கடைசி ஸ்லாபும் எழுந்திருந்தது. கதவிலிருந்து தெரு வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரே சீர். தெருவில் வந்துதான் விஷயம் நின்றது. தெருவோர நடைபாதை இருந்த இடத்திலேயே இருந்தது. கோவில் நடைபாதை அதற்கு மேல் அரை விரல் துருத்திக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்டர் அதில் தடுக்கி, கேலன் மேல் சாய்ந்து, மன்னிப்புக் கேட்டார்.

"இது நல்லால்லியே," என்றார் கேலன். "தெரு நடபாதையையும் இந்த மட்டத்துக்குத் தூக்கிர வேண்டியதுதான். கர்ட்டிஸ்?"

"அத நான் தொட முடியாதுங்க," என்றான் கர்ட்டிஸ். அவன் வெர்லினைப் பார்க்காமல் சொன்னான். "அது நகரசபையோடது. நகரசபை வேல பூரா சேறுதான். அவங்க நுரைய ஒத்துக்கறதில்ல."

"சேறுன்னா..." என்று கேலன் திரும்பினார்.

வெர்லின் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூலையிலருந்து மூல வரைக்கும் தூக்கணும் போலயே," என்றான் கர்ட்டிஸ், நடைபாதையின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டே. அது கோவில் பாதையைப் போல மூன்று மடங்கு இருந்தது. தெருவிலிருந்து கோவிலுக்கு வருகிற கால் எதுவாக இருந்தாலும் முதலில் மிதிக்க வேண்டியது அதைத்தான். அவன் தொப்பியைக் கழற்றினான், மாட்டினான். "வித்தியாசமா இருக்கு," என்றான்.

"வெர்லின்," என்றார் கேலன், "உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லன்னா, நகரசபைல நான் பேசிக்கறேன்..."

"ஐயய்யோ, எனக்கெதுக்கு. நான் சும்மா நிக்கத்தான வந்தேன்."

"இல்லப்பா, நீ பண்ணாத்தான் ஆச்சு."

"கர்ட்டிஸ் இருக்கும்போது நான் எப்படி."

"கோவிலுக்காகக் கேக்கறேன் வெர்லின்."

இரண்டு தரம் மறுத்தாயிற்று. மூன்றாம் தரம் கேட்டாயிற்று. வெர்லின் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"சரி, அப்ப," என்றார். "பம்பு அடுத்த தெருவுலதான் நிக்குது. சாப்பிடப் போனப்ப கொண்டாந்து விட்டேன்."